இணைந்து பெற்ற வெற்றி

விளையாட்டு வீரன் ஒருவனைப் புகழும்போது, அவன் தனியே நின்று வென்றான் என்று புகழ்வதே உலக வழக்கம். ஓட்டப் பந்தயத்தில் முந்தியவனையும் மற்போரில் எதிரியை வீழ்த்தியவனையும் மக்கள் எளிதில் நினைவில் கொள்ளுகின்றனர். இருவராக நின்று ஆடி வென்றவரை அவ்வளவாக எண்ணுவதில்லை. வெற்றி இருவருக்கு உரியதாயின் ஒவ்வொருவருக்கும் அதில் பாதியே உண்டு என்பது அவர்தம் கணக்கு. இக்கணக்குப் பிழையானது என்பதற்கு, இறகுப்பந்து இரட்டையர் ஆட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆடிப் புகழ்பெற்ற இந்தோனேசிய வீரர் ஹெண்ட்ரா செத்தியவானின் வாழ்க்கை தக்க சான்றாகும்.

முதலில் ஆட்டத்தின் இயல்பை அறிதல் வேண்டும். இறகுப்பந்து ஆடுகளத்தின் நீளம் 44 அடி. ஒற்றையர் ஆட்டத்திற்கு அதன் அகலம் 17 அடி. இரட்டையர் ஆட்டத்திற்கு 20 அடி. ஆட்டக்காரர் இருமடங்கு ஆகின்றனர். களமோ மூன்றடியே அகலுகின்றது. எனவே, பந்து விழுவதற்கு வெற்றிடம் அரிதாகின்றது. அடித்த பந்து நொடிப்பொழுதில் திரும்பி வருகின்றது. தாக்கும்போது ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக நிற்பர். காக்கும்போது இருவரும் அருகருகே நிற்பர். இந்த இடமாற்றம் பேசி முடிவு செய்ய நேரமின்றி, ஒருவர் குறிப்பை ஒருவர் உணர்ந்து நிகழ்தல் வேண்டும். பின்னே நிற்பவர் துள்ளி எழுந்து ஓங்கி அடிக்கும்போது காண்போர் கைகொட்டி ஆரவாரிப்பர். அந்த அடிக்கு ஏற்ற பந்து வருமாறு வலையருகே நின்று வழி செய்தவரைக் கவனிப்போர் சிலரே. அவ்வாறு வழி செய்வதில் வல்லவர் ஹெண்ட்ரா.

அவர் நடுச் சாவகத்தில் உள்ள பெமலாங் என்னும் ஊரில் 1984ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் பிறந்தார். அவருடைய முதற் பெருந்துணையாக அமைந்த மார்க்கிஸ் கிடோ, அதே மாதத்தில் இரு வாரங்களுக்கு முன் பிறந்தவர். கிடோ பின்களத்திலிருந்து இடியென அடிப்பார். ஹெண்ட்ரா முன்களத்தில் அமைதியாக நின்று வாய்ப்பை உண்டாக்குவார். இவ்விருவரும் 2007இல் கோலாலம்பூரில் உலகப் பட்டம் வென்றனர். மறு ஆண்டு பெய்ஜிங்கில் நடந்த ஒலிம்பிக் இறுதியாட்டத்தில், சீன வீரர்களான சாய் யுன், பூ ஹைபெங் இருவரையும் அவர்தம் நாட்டிலேயே எதிர்த்தனர். முதற்பகுதியை 12–21 என்று இழந்தபோதும் மனந்தளராமல், அடுத்த இரண்டையும் 21–11, 21–16 என வென்று தங்கப் பதக்கம் பெற்றனர். அப்போது ஹெண்ட்ராவுக்கு இருபத்து நான்கு வயது நிரம்பவில்லை.

அவ்வெற்றி கிடோவின் வலிமையால் வந்தது என்று சிலர் கூறக்கூடும். அதற்கு விடை பின்னர்க் கிடைத்தது. 2012இல் அவ்விணை பிரிந்தது. ஹெண்ட்ரா தம்மினும் மூன்று ஆண்டு இளையவரான முகம்மது அஹ்சானுடன் சேர்ந்தார். ஒருவரோடு பல்லாண்டு பழகிய கையும் காலும் புதியவருக்கு ஏற்ப மாறுதல் எளிதன்று. எனினும் 2013இல் குவாங்சௌ நகரிலும், 2015இல் ஜகார்த்தாவிலும் இவ்விருவரும் உலகப் பட்டம் பெற்றனர். இடையே 2014இல் ஆல் இங்கிலாந்துப் பட்டத்தையும் வென்றனர். துணை மாறியது, வெற்றி மாறவில்லை. துணைவரின் ஆற்றலை வெளிக்கொணர்வதும் தனியானதோர் ஆற்றலே என்பது இதனால் விளங்குகின்றதன்றோ?

வெற்றியைக் காட்டிலும் தோல்வியே இணையின் உறுதியைச் சோதிப்பது. ஒற்றையர் ஆட்டத்தில் தோற்றவன் தன்னையே நொந்துகொள்வான். இரட்டையர் ஆட்டத்தில் தோற்றவனுக்கோ, பழி சுமத்துவதற்கு ஒருவர் பக்கத்திலேயே நிற்கின்றார். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் ஹெண்ட்ராவும் அஹ்சானும் தொடக்கக் குழு நிலையைக் கடவாமலே வெளியேறினர், பின்னர்ப் பிரிந்தனர். ஹெண்ட்ரா 2017இல் மலேசிய வீரர் டான் பூன் ஹியோங்குடன் ஆடினார். உலகப் பட்டம் கிட்டவில்லை. ஆயினும் 2018இல் அவரும் அஹ்சானும் மீண்டும் இணைந்தனர். பழந்தோல்வியை ஒருவர்மேல் ஒருவர் ஏற்றிக்கொண்டிருந்தால் இஃது இயலுமோ?

மீண்டும் இணைந்ததன் பயன் 2019இல் விளைந்தது. ஆல் இங்கிலாந்து அரையிறுதியில் ஹெண்ட்ராவின் கெண்டைக்காலில் காயம் ஏற்பட்டது. அக்காலோடு இறுதியாட்டத்தில் நின்றார். முதற்பகுதி 11–21 எனக் கைநழுவியது. ஓட இயலாதவரின் குறையை அஹ்சானின் கால்கள் ஈடுசெய்தன. அடுத்த இரு பகுதிகளும் 21–14, 21–12 என அவர்கள்வசமாயின. அவ்வாண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், தம் முப்பத்தைந்தாம் பிறந்தநாளன்று, ஹெண்ட்ரா பாசெல் நகரில் அஹ்சானுடன் மீண்டும் உலகப் பட்டம் வென்றார். முன்பு துணைவருக்கு வாய்ப்பு அமைத்துத் தந்தவர், தம் காயத்தின்போது துணைவரின் உழைப்பால் தாங்கப்பட்டார். கொடுப்பதைப் போலவே, பிறர் உதவியை நாணாமல் ஏற்பதும் கூட்டு முயற்சிக்கு இன்றியமையாத பண்பாகும்.

வாழ்க்கை இன்பத்தை மட்டும் தரவில்லை. 2021 ஜூன் மாதத்தில், ஆடுகளத்தில் ஆடிக்கொண்டிருந்தபோதே மார்க்கிஸ் கிடோ மயங்கி வீழ்ந்து உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. சில வாரங்களுக்குப்பின் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், ஹெண்ட்ராவும் அஹ்சானும் வெண்கலத்திற்கான ஆட்டத்தில் தோற்று நான்காம் இடம் பெற்றனர். 2022இல் உலகப் போட்டியின் இறுதியிலும் தோற்றனர். எனினும் இணை குலையவில்லை. 2025 சனவரியில் ஜகார்த்தாவில் இருவரும் ஒருங்கே ஆடி, ஒருங்கே விடைபெற்றனர்.

ஒற்றையர் ஆட்டம் தாழ்ந்தது என்று இதனால் கொள்ளுதல் கூடாது. முழுக்களத்தையும் ஒருவனாகவே காப்பதற்கு வேண்டும் உடலுறுதி பெரிது. ஆனால் மனிதர் செய்யும் பணிகளுள் தனித்துச் செய்பவை மிகச் சிலவே. வயலில் நாற்று நடுவோரும், கட்டடம் எழுப்புவோரும், மருத்துவமனையில் உயிர் காப்போரும் பிறரோடு இணைந்தே பணியாற்றுகின்றனர். அத்தகைய வாழ்வுக்கு இரட்டையர் ஆட்டம் நல்லதொரு பயிற்சிக்களமாகும். பள்ளியில் ஆடும் மாணவர், தம் பக்கத்தில் நிற்பவர் பந்தைத் தவறவிட்டபோது முகம் சுளிப்பதா, அடுத்த பந்துக்கு ஆயத்தமாவதா என்பதை அக்களத்திலேயே கற்கலாம்.

ஒலிம்பிக்கில் இரட்டையர் வெல்லும்போது ஒரு பதக்கத்தை இரண்டாக வெட்டிக் கொடுப்பதில்லை. ஒவ்வொருவர்க்கும் முழுப் பதக்கமே அளிக்கின்றனர். அக்கணக்கே சரியான கணக்கு.