மாவரைத்த இரண்டு பெண்கள்

மத்தேயு 24ஆம் அதிகாரத்தில் இரண்டு பெண்கள் ஏந்திரத்தில் மாவரைக்கிறார்கள். ஒருத்தி எடுத்துக்கொள்ளப்படுகிறாள், மற்றவள் விடப்படுகிறாள். ஏன் என்று வசனம் சொல்லவில்லை. நம் ஊர்ப் பிரசங்க மேடைகள் பல அதைச் சொல்லிவிடுகின்றன: நகை போட்டவள், பூ வைத்தவள், புருஷனை எதிர்த்துப் பேசியவள் கைவிடப்படுவாள். அடிக்கிற கணவனைப் பற்றி அழுதால், “வருகை சமீபம் சிஸ்டர், பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று ஜெபித்து அனுப்புகிறார்கள்.

எந்த வருகை? இதில் சபைகளுக்குள்ளேயே ஒப்புதல் கிடையாது. வெளிப்படுத்தின விசேஷம் 20ஆம் அதிகாரத்தில் ‘ஆயிரம் வருஷம்’ ஆறு முறை வருகிறது. அது சபையின் காலத்தையே குறிக்கும் உருவகம் என்றார் அகஸ்டின். லுத்தரன்களின் 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கை, உயிர்த்தெழுதலுக்கு முன்பே பரிசுத்தவான்கள் பூமியை ஆள்வார்கள் என்ற போதனையை நிராகரித்தது. உலகம் திருந்தி அந்த ஆயிரம் வருஷம் மலர்ந்த பிறகே கிறிஸ்து வருவார் என்றார்கள் வேறு சிலர். அவர் முதலில் வந்துதான் அரசாட்சியை நிறுவுவார் என்பது இன்னொரு தரப்பு. உபத்திரவ காலத்துக்கு முன்பே விசுவாசிகள் மறைந்துபோகும் ‘இரகசிய வருகை’யை 1830களில் பரப்பியவர் ஜான் நெல்சன் டார்பி. 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் குறிப்புகள் அதை வீடுவீடாகக் கொண்டுபோயின. ஆதி சத்தியம் என்று நம்மிடம் விற்கப்படும் இந்தச் சரக்குக்கு இருநூறு வயதுகூட ஆகவில்லை.

அந்த ஏந்திர வசனத்திலும் சண்டை உண்டு. அதற்குச் சற்று முன்னால் நோவாவின் வெள்ளம் வருகிறது. அங்கே வாரிக்கொண்டு போகப்பட்டவர்கள் அழிந்தவர்கள், தங்கியவர்களே பிழைத்தவர்கள். ஆகவே விடப்பட்டவளே தப்பியவள் என்று வாசிக்கும் அறிஞர்கள் இருக்கிறார்கள். எடுக்கப்படுவது நல்லதா கெட்டதா என்றே தீராத வசனத்தை வைத்து நம் காதணியை அளக்க இவர்கள் யார்?

காலக்கணக்கு வெறும் கணக்கல்ல. இன்று எதைச் செய்வது என்பதை அது தீர்மானிக்கிறது. உலகத்தைத் திருத்தலாம் என்று நம்பிய சார்லஸ் ஃபின்னியின் ஓபர்லின் கல்லூரி, அடிமைமுறையை எதிர்த்தது. 1837இல் பட்டப் படிப்பில் பெண்களைச் சேர்த்தது. உலகத்தை மூழ்கும் கப்பலாகப் பார்த்த டி. எல். மூடிக்கோ, ஆத்துமாக்களைப் படகில் ஏற்றுவதே முதல் வேலை. ஆனால் நல்ல கணக்கு மட்டும் நம்மைக் காப்பாற்றாது. அதே ஓபர்லினில் இறையியல் படித்து முடித்த அன்டோனெட் பிரவுனுக்கு 1850இல் பட்டம் கொடுக்கப்படவில்லை.

வெளிப்படுத்தின விசேஷத்தின் பெண்களையும் பாருங்கள். சபைக்குள் போதித்தவளுக்கு யேசபேல் என்று பெயர். ரோமாபுரியின் கொடுமைக்கு உருவம் தேவைப்பட்டபோது கிடைத்தது ஒரு வேசியின் உடல். அது நிர்வாணமாக்கப்பட்டு எரிக்கப்படுகிறது. மற்ற முனையில் வெள்ளுடை உடுத்திய மணவாட்டி. பேரரசின் மீதான கோபம் நியாயமானது; அதைப் பெண்ணுடலின் மேல் எழுதியது நியாயமல்ல. இன்றும் மேடையில் அந்த இரண்டு அச்சுகளில்தான் நம்மை வார்க்கிறார்கள்.

முடிவை நம்புகிறவள் நம்பட்டும். ஆனால் மத்தேயுவின் அடுத்த அதிகாரத்தையும் திறந்து வைக்கட்டும். அங்கே நியாயாசனத்தில் கேட்கப்படுவது: பசித்தவருக்குச் சோறு கொடுத்தாயா, வியாதிப்பட்டவரைப் பார்க்கப் போனாயா, சிறையிலிருந்தவரிடம் வந்தாயா? பூவைப் பற்றியோ தாலியைப் பற்றியோ ஒரு கேள்வியும் இல்லை. அடிபட்டு வந்தவளை அடித்தவனிடமே திருப்பி அனுப்பும் போதகர்தான் அந்தக் கேள்விகளுக்குப் பயப்பட வேண்டும். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் அவளுக்கு இன்றைக்கே உண்டு. அவள் வருகைவரை காத்திருக்க வேண்டியதில்லை.