பால்மர் லக்கியின் கதையை முழுதாகச் சொல்வோம்

எஸ்பிஎம் முடித்த பிள்ளைகளுக்கு நடத்தப்படும் தன்முனைப்பு முகாம்களில் ஒரு வகைக் கதை தவறாமல் வரும். கல்லூரியைப் பாதியில் விட்டவர், வீட்டுக் கார் கொட்டகையில் கருவி செய்தவர், சின்ன வயதிலேயே பெரும் செல்வந்தர். பெயர் மாறும், கதை மாறாது. மெய்நிகர் கண்ணாடியைச் சந்தைக்குக் கொண்டுவந்த அமெரிக்கர் பால்மர் லக்கியின் கதையும் இப்படித்தான் சொல்லப்படுகிறது. சொல்பவர்கள் பெரும்பாலும் 2014-இல் நிறுத்திவிடுவார்கள். அவருடைய ஓக்குலஸ் நிறுவனத்தை ஏறத்தாழ 200 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்குவதாக பேஸ்புக் அறிவித்த ஆண்டு அது. அப்போது அவருக்கு வயது 21. அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் நம் பிள்ளைகளுக்கு அது உதவும் என்பது என் கருத்து.

லக்கி 1992-இல் கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் பிறந்தவர். பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே தாயாரிடம் படித்தவர். பதின்ம வயதில் அவருக்கு ஒரு விசித்திரமான பழக்கம். தலையில் மாட்டிப் பார்க்கும் பழைய திரைக்கருவிகளை, அரசு ஏலங்களிலும் மற்ற இடங்களிலும் தேடித் தேடி வாங்குவார். ஒரு காலத்தில் 97,000 டாலர் விலை போன கருவி ஒன்று அவருக்கு 87 டாலருக்குக் கிடைத்தது. இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? உடைந்த ஐபோன்களை வாங்கிப் பழுதுபார்த்து விற்றார். நம் லோ யாட் கடைகளில் அன்றாடம் நடக்கும் வேலைதான். இப்படிச் சேர்த்த ஐம்பதுக்கும் மேற்பட்ட கருவிகளைப் பிரித்துப் பார்த்து, ஒவ்வொன்றும் ஏன் தோற்றது என்று கற்றுக்கொண்டார். முகாம்களில் ‘கல்லூரியை விட்டார்’ என்பதற்குக் கிடைக்கும் கைதட்டல் இந்தப் பகுதிக்குக் கிடைப்பதில்லை.

அவர் கண்டது இதுதான். பழைய கருவிகள் படம் கோணாமல் தெரிய வேண்டும் என்பதற்காக விலையுயர்ந்த வில்லைகளை அடுக்கின. அதனால் எடை கூடியது. பார்வைப் பரப்பும் குறுகியது. படிவம் நான்கு இயற்பியலில் வரும் சாதாரணக் குவிவில்லை ஒன்றைக் கண்ணருகே வைத்தால் பரப்பு விரியும். ஆனால் நேர்கோடுகள் ஓரத்தில் உள்நோக்கி வளையும். வளையட்டும் என்று விட்டுவிட்டு, படத்தையே முன்கூட்டி எதிர்ப்பக்கமாக, பீப்பாய் போல் உப்ப வைத்துத் திரையில் காட்டினால்? வில்லை அதை நிமிர்த்திவிடும். கோணல் வில்லைக்குக் கோணல் படம்! கண்ணாடி செய்ய வேண்டிய வேலையை மென்பொருள் செய்துவிட்டது. அதே காலத்தில் கைப்பேசிகள் பெருகியதால் சிறு திரைகளும் அசைவறியும் உணரிகளும் மலிவாகிவிட்டன.

மிச்சமிருந்த பெரிய சிக்கல் தாமதம். தலையைத் திருப்பினால் படமும் ஏறத்தாழ 20 மில்லி நொடிக்குள் திரும்ப வேண்டும். பிந்தினால், திரும்பிவிட்டோம் என்று உள்காது சொல்லும், இல்லை என்று கண் சொல்லும். கேமரன் மலைக்குப் போகும் வளைவுகளில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே போனவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்பது தெரியும்.

ஆனால் இது கார் கொட்டகையில் மட்டும் விளைந்தது அல்ல. தலையில் மாட்டும் கணினித் திரையை 1968-இல் இவான் சதர்லாந்து செய்துகாட்டினார். அந்த ஆய்வுக்குப் பணம் தந்தவர்களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் உண்டு. போர் விமானிகளின் தலைக்கவசத்துக்குள் திரை வைக்கும் வேலையை விமானப்படைத் தளம் ஒன்றில் டாம் ஃபர்னஸ் பல ஆண்டுகள் செய்தார். லக்கியே 2011 வாக்கில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில், மார்க் போலஸ் என்ற ஆய்வாளரிடம் வேலை பார்த்தார். மலிவு வில்லை, மென்பொருள் திருத்தம் என்ற வழியை அங்கும் முயன்றுகொண்டிருந்தார்கள். அந்த நிலையம் 1999-இல் ராணுவத்தின் பணத்தில் தொடங்கப்பட்டது. போரில் மனக்காயம் அடைந்து திரும்பிய வீரர்களுக்கு மெய்நிகர் காட்சிகளால் சிகிச்சை தரும் ஆய்வும் அங்கே நடந்தது.

அடுத்த சில ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2012-இல் கிக்ஸ்டார்ட்டர் வழியே இரண்டரை லட்சம் டாலர் கேட்டார்; 24 லட்சம் வந்தது. பிறகு பேஸ்புக். 2016 தேர்தலின்போது டிரம்பை ஆதரித்த குழு ஒன்றுக்கு 10,000 டாலர் கொடுத்தது வெளியே தெரிந்து பெரும் சர்ச்சையானது. 2017 மார்ச்சில் பேஸ்புக்கை விட்டு விலகினார். தான் நீக்கப்பட்டதாக அவர் சொல்கிறார். அரசியல் காரணமல்ல என்பது நிறுவனத்தின் பதில்.

அதே ஆண்டு நண்பர்கள் நால்வருடன் ஆண்டுரில் என்ற ஆயுத நிறுவனத்தைத் தொடங்கினார். மெக்சிகோ எல்லையில் ஆளில்லாக் கண்காணிப்புக் கோபுரங்கள், எதிரி ட்ரோன்களைத் தாக்கும் ட்ரோன்கள், ஆஸ்திரேலியக் கடற்படைக்கு ‘கோஸ்ட் ஷார்க்’ என்ற ஆளில்லா நீர்மூழ்கி என்று அது விரிந்தது. இவற்றை இணைப்பது லாட்டிஸ் என்ற மென்பொருள். பல உணரிகளின் தகவலை ஒரே காட்சியாகத் தொகுத்து, எது மனிதன், எது வாகனம் என்று அது பிரித்துச் சொல்கிறது. 2025-இல் முதலீட்டாளர்கள் இந்நிறுவனத்தை 3,050 கோடி டாலருக்கு மதிப்பிட்டார்கள்.

இதற்கிடையே, வீரர்களுக்கான மெய்நிகர் கண்ணாடி செய்யும் பெரிய ஒப்பந்தம் மைக்ரோசாப்டிடம் இருந்தது. 2021-இல் அதன் உச்ச மதிப்பு 2,190 கோடி டாலர். சோதனையில் அணிந்துபார்த்த வீரர்களுக்குத் தலைவலி, குமட்டல், கண் சோர்வு. 2025 பிப்ரவரியில் அந்தப் பொறுப்பு ஆண்டுரில் கைக்கு மாற ஏற்பாடானது. மே மாதம், பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே அவரோடு கூட்டுச் சேர்ந்தது! விளையாட்டுச் சாமான் போர்க்களத்துக்குப் போய்விட்டதே என்று அங்கலாய்க்க வேண்டாம். அது தாய்வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆயுதம் செய்பவர் என்பதற்காகவே அவரைத் தள்ளிவைக்க என்னால் முடியாது. நம் நாடும் 2023-இல் லங்காவி கண்காட்சியில் துருக்கியின் மூன்று அன்கா ட்ரோன்களுக்கு ஒப்பந்தம் போட்டது. கடல் எல்லையைக் கண்காணிக்க அவை வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் லக்கி அடிக்கடி சொல்லும் ஒரு வாதத்தை விழுங்க முடியவில்லை. கண்ணிவெடிக்குப் பள்ளிப் பேருந்துக்கும் டாங்கிக்கும் வித்தியாசம் தெரியாது; அதைவிடச் சிந்திக்கும் ஆயுதம் மேல் என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மலேசியாவோ கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தை 1999-இல் ஏற்று, 2001-இல் தன் கையிருப்பை அழித்து முடித்த நாடு. அமெரிக்கா அதில் சேரவில்லை. நாம் கைவிட்ட ஒன்றைவிட மேலானது என்று ஓர் ஆயுதத்தைப் புகழ்ந்தால், அதற்கு நாம் ஏன் தலையாட்ட வேண்டும்? தவறான ஆளைச் சுட்டால் பதில் சொல்பவர் யார், சுடுவதற்கு முன் ஒரு மனிதர் கட்டாயம் பார்ப்பாரா என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள்.

இவை எங்கோ அமெரிக்காவின் தலைவலி என்று பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நாம் இருந்துவிட முடியாது. பினாங்கிலும் கூலிமிலும் சில்லுகள் தயாராகின்றன. கிள்ளான் துறைமுகம் வழியே எலெக்ட்ரானிக் சாமான்கள் உலகெங்கும் போகின்றன. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இந்தத் துறையில்தான் வேலை பார்க்கிறார்கள். சாதாரணப் பயன்பாட்டுக்கும் ராணுவத்துக்கும் ஒருசேர உதவும் பொருள்களைக் கட்டுப்படுத்த நமக்கு 2010-ஆம் ஆண்டின் வியூக வாணிபச் சட்டம் இருக்கிறது. பெட்டியில் போகும் சாமானுக்கு மட்டுமல்ல, மின்னஞ்சலில் போகும் தொழில்நுட்பத் தகவலுக்கும் அது பொருந்தும். 2025 ஜூலை 14 முதல், அமெரிக்காவில் தோன்றிய உயர்திறன் செயற்கை நுண்ணறிவுச் சில்லுகளை வெளியே அனுப்பவும் அனுமதி தேவை. பொறியியல் படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் வேலைக்குச் சேரும் முன் இந்தச் சட்டத்தின் பெயரையாவது கேட்டிருப்பார்கள்?

பல்கலைக்கழகம்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரு காலணிப் பெட்டி, இரண்டு குவிவில்லைகள், ஒரு பழைய கைப்பேசி இருந்தால் ஒரு மெய்நிகர் கண்ணாடி செய்துவிடலாம். தமிழ்ப்பள்ளி அறிவியல் கழகத்துக்கு இரண்டு சனிக்கிழமை வேலை. அறிவியல் விழாவில் அந்த மேசைக்கு வரும் நீதிபதி, கோடு ஏன் வளைகிறது என்று எப்படியும் கேட்பார். இந்தக் கண்ணாடியை யார் யார் வாங்க வருவார்கள், அவர்களில் யாருக்குக் கொடுக்க மாட்டாய் என்றும் கேட்கட்டும். அந்தப் பதிலுக்கும் புள்ளி போடட்டும்.