மனம் வராவிட்டாலும் கால் நடக்கட்டும்

ஐப்பசி பிறந்து வானம் கறுத்தால், அனகாபுத்தூரில் அடையாற்றங்கரையை ஒட்டி வாழும் முதியோர் பலருக்கு உறக்கம் போய்விடுகிறது. 2015 டிசம்பர் முதல் தேதி இரவை அவர்களால் மறக்க இயலவில்லை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட, வழியெங்கும் மற்ற ஏரிகளின் உபரி நீரும் சேர்ந்துகொள்ள, ஆறு கரை கடந்து தெருக்களில் புகுந்தது. வெள்ளம் சில நாட்களில் வடிந்தது. அச்சம் மட்டும் பலருடைய நெஞ்சில் தங்கிவிட்டது.

அப்படி ஓர் அம்மையாரை எண்ணிப் பார்க்கலாம். வயது எழுபது, கணவர் இல்லை, மகன் வீட்டில் வாசம். தூறல் விழுந்தாலே நெஞ்சு படபடக்கிறது. இரவில் மூன்று முறை எழுந்து வாசலைப் பார்க்கிறார். ஏரியில் எத்தனை அடி நீர் என்று மகனிடம் நாளுக்குப் பத்து முறை கேட்கிறார். சனிக்கிழமை தவறாமல் அருகிலுள்ள பொழிச்சலூர் சென்று, வட திருநள்ளாறு என்று பெயர் பெற்ற அகத்தீஸ்வரர் ஆலயத்தில் சனி பகவானை வணங்கி வந்தவர், இப்போது அழைக்க வரும் அண்டை வீட்டுப் பெண்ணிடம், “மனசு வரலம்மா, நீ போயிட்டு வா” என்கிறார். மழைக்காலம் முடிந்தும் அந்த மனம் திரும்பவில்லை.

மகன் ஆறுதலாகத்தான் சொல்கிறார்: “சாமி பார்த்துக்கும்மா, பயப்படாத.” அந்தச் சொல் அம்மையாரை வேறு விதமாகத் தைக்கிறது. இத்தனை ஆண்டு கும்பிட்டும் பயம் போகவில்லையே, நம் பக்தியில்தான் குறையோ என்று அவர் உள்ளுக்குள் குமைகிறார். நோயைவிட இந்தக் குற்ற உணர்வே அவரை அதிகம் வாட்டுகிறது.

இது தேவையற்ற வேதனை. கண்ணனையே தேர்ப்பாகனாகப் பெற்ற அருச்சுனனுக்கு உடல் நடுங்கியது, வாய் உலர்ந்தது, காண்டீபம் கை நழுவியது. அந்த மனத்துயரின் பெயராலேயே கீதையின் முதல் அத்தியாயம் வழங்கப்படுகிறது. ஆறாம் அத்தியாயத்தில், மனத்தை அடக்குவது காற்றை அடக்குவதைப் போல் அரிது என்று அவன் முறையிடும்போது, பகவான் அதை மறுக்கவில்லை. ஆம், கடினம்தான் என்று ஒப்புக்கொண்டு, பயிற்சியாலும் பற்றின்மையாலும் அது கைகூடும் என்கிறார். மனத்துக்குப் பயிற்சி உண்டு என்பது நம் மரபுக்குப் புதிய செய்தியன்று.

இன்றைய மருத்துவத்தில் அத்தகைய ஒரு பயிற்சி ‘சிந்தனை நடத்தை சிகிச்சை’ எனப்படுகிறது. மருத்துவர்கள் சுருக்கமாக சி.பி.டி. என்பர். இதற்கு வழிவகுத்தோரில் தலையாயவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக். 1921இல் பிறந்து நூறு வயது கண்டு 2021இல் மறைந்தவர். மனச்சோர்வுற்றவர்களின் உள்ளத்தில், அவர்கள் அழைக்காமலே சில எண்ணங்கள் மின்னலாய் வந்து போவதை 1960களில் அவர் கவனித்தார். ‘என்னால் யாருக்கும் பயனில்லை’, ‘இனி நல்லது நடக்காது’ என்பன போன்றவை. எண்ணம் மறைந்துவிடுகிறது, அது தந்த கலக்கம் நிற்கிறது. அந்த எண்ணத்தைப் பிடித்து நிறுத்தி, நீ சொல்வது மெய்தானா என்று விசாரிக்கக் கற்பிப்பதே சிகிச்சையின் ஒரு பாதி.

அனகாபுத்தூர் அம்மையாரிடம் சிகிச்சையாளர் “வெள்ளம் வரவே வராது” என்று சொல்லமாட்டார். அப்படி உறுதி கூற எவரால் இயலும்? மாறாக, வந்த எண்ணத்தை ஒரு நோட்டில் எழுதச் சொல்வார். ‘இன்று இரவே தண்ணீர் வந்துவிடும், நான் பிழைக்கமாட்டேன்.’ பிறகு கேள்விகள். அதன்பின் எத்தனை மழைக்காலங்கள் கடந்தன? அவற்றில் எத்தனை இரவுகள் வீட்டுக்குள் நீர் புகுந்தது? அன்று தப்பியது எவ்வாறு? மீண்டும் வந்தால் எந்த மாடி வீட்டுக்குச் செல்வது, மருந்தும் ரேஷன் அட்டையும் எந்தப் பையில்? விடைகளை எழுதி முடிக்கையில், கூரையளவு நின்ற அச்சம் தன் உண்மையான அளவுக்குச் சுருங்குகிறது. முற்றிலும் மறைவதில்லை, மறையவும் வேண்டியதில்லை.

அடுத்து, ஏரி நிலவரத்தைக் காலையும் மாலையும் மட்டுமே கேட்பது என்று ஓர் ஏற்பாடு. பத்து முறை கேட்டால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றலாம். ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் ஆறுதல் கிடைக்கிறது. கேட்டால்தான் நிம்மதி என்று மனமும் பழகிவிடுகிறது. கேட்காமல் பொறுத்திருக்கும்போதுதான், பதற்றம் தானே ஏறித் தானே இறங்கும் என்பதை அது அறிகிறது. ஒரே ஜாதகத்தை நான்கு ஜோதிடரிடம் காட்டி அலைவோருக்கும் இது பொருந்தும். எண்ணிக்கை குறைந்தால் தீங்கு நேருமோ என்று நடுங்கி மீண்டும் மீண்டும் பிரதட்சிணம் செய்வோர், அங்கே தங்களைச் சுற்றவைப்பது அன்பா, அச்சமா என்று சற்றே நின்று பார்க்கலாம்.

சிகிச்சையின் மறுபாதி செயல். மனச்சோர்வு முதலில் பறிப்பது விருப்பத்தை. விருப்பம் வரட்டும், பிறகு போகலாம் என்று காத்திருப்பவர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார். இருக்க இருக்கச் சோர்வு கூடுகிறது. இந்த முறையோ வரிசையை மாற்றுகிறது. முதலில் சிறு செயல். விருப்பம் பின்னால் வரட்டும்.

இது ஏட்டளவில் நின்றுவிடவில்லை. கோவாவில் ‘சங்காத்’ என்னும் தொண்டு நிறுவனத்தினரும் ஆய்வாளர்களும், மருத்துவப் பட்டம் இல்லாத சாதாரண மக்களுக்குப் பயிற்சி தந்து, பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதைச் செய்துபார்த்தனர். கடும் மனச்சோர்வுற்ற 495 பேர் பங்கேற்றனர். வழக்கமான கவனிப்போடு ஆறு முதல் எட்டு அமர்வுகள் இத்தகைய செயற்பயிற்சியும் பெற்றவர்களில், மூன்று மாதங்களில் 64 விழுக்காட்டினர் தேறினர். பெறாதவர்களில் 39 விழுக்காட்டினரே. அதே மாநிலத்தில் அறுபது வயதைக் கடந்த, சோர்வின் தொடக்க அறிகுறிகள் கொண்ட 181 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வு 2019இல் வெளிவந்தது. சிக்கல்களைப் பிரித்துப் பார்ப்பது, உறக்கத்தைச் சீராக்குவது போன்றவற்றைக் கற்ற 91 பேரில் ஓராண்டில் நால்வருக்கே நோய் முற்றியது. கற்காத 90 பேரில் பதின்மூவருக்கு.

இந்த வயதில் இனி என்ன மாறப்போகிறது என்று கேட்கும் பெரியோர்க்கு இந்த எண்கள் விடை கூறும். ‘வயதானால் இப்படித்தான்’ என்று விட்டுவிடும் பிள்ளைகளுக்கும்தான்.

இது எல்லாவற்றுக்கும் மருந்தன்று. நோய் கடுமையானால் மாத்திரையும் வேண்டும்; உட்கொண்டு வருவதைத் தாமாக நிறுத்தக்கூடாது. தைராய்டு குறைபாடும் சோர்வாகத் தோன்றக்கூடும் என்பதால் முதலில் மருத்துவப் பரிசோதனை அவசியம். ‘நான் போய்விட்டால் நல்லது’ என்று பெரியவர் ஒருவர் சொன்னால், அதை வழக்கமான புலம்பல் என்று தள்ளாமல் அன்றே உதவி நாட வேண்டும். 2022 முதல் இயங்கும் மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

அம்மையாருக்கு முதல் வாரப் பணியாக முழு ஆலய தரிசனமும் தரப்படுவதில்லை. சனிக்கிழமை குளித்துப் புடவை மாற்றித் தெருமுனை வரை நடந்து திரும்பினால் போதும். அடுத்த வாரம் கோபுர வாசல் வரை. நோட்டில் புறப்படும் முன் மனம் எப்படி, திரும்பியபின் எப்படி என்று பத்துக்கு எத்தனை மதிப்பெண் எனக் குறிக்க வேண்டும். அண்டை வீட்டுப் பெண்ணிடமும் சொல்லி வைத்தாகிவிட்டது. இனி அவள், “மனசு வந்தா வாங்கம்மா” என்று கேட்டுவிட்டுப் போகமாட்டாள்; செருப்பை எடுத்து வாசலில் போட்டுவிட்டு, “முனை வரைக்கும்தான், வாங்க” என்று நிற்பாள்.