கடற்பசு காப்பகம்: பலன் மீனவர் கரையிலேயே தங்கட்டும்

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் பெரும்பாலும் நிற்காமல் கடந்துவிடும் ஊர்கள் இவை. ஆனால், இந்தக் கரைக்கு எதிரே இருக்கும் கடல் இன்று உலகம் அறிந்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை, நாட்டின் முதல் கடற்பசு பாதுகாப்பகமாக 2022 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது.

காப்பகம் என்றதும் இரண்டு குரல்கள் எழுகின்றன. தொழில் வராது, நிலம் விலைபோகாது என்கிறது ஒன்று. சுற்றுலா வந்து ஊரே செழித்துவிடும் என்கிறது மற்றொன்று. இரண்டுமே அவசர முடிவுகள்.

இந்தப் பகுதியில் தடை எல்லா முதலீட்டுக்கும் அல்ல. மணமேல்குடி, ஆவுடையார்கோவில் உள்ளிட்ட ஐந்து புதுக்கோட்டை ஒன்றியங்கள் 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்துக்குள் வந்தபோது, புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்கள் போன்ற சில தொழில்களுக்குத்தான் கதவு மூடியது. எரிவாயுத் திட்டம் வேண்டாமென்று நெடுவாசல் மக்கள் 2017இல் தெருவில் அமர்ந்து கேட்டதும் அதையே. வயலையும் கடலையும் நம்பிய தொழில்களுக்கு இந்தப் பாதுகாப்பே மூலதனம்.

காரணம், கடலடியில் இருக்கிறது. மீனவர்கள் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசு, சுமார் மூன்று மீட்டர் நீளம் வளர்ந்து, கடற்புல்லை மேய்ந்தே உயிர்வாழ்கிறது. அதே புல்வெளியில்தான் இறால் குஞ்சும் நண்டும் வளர்கின்றன. புல் அழிந்தால் ஆவுளியா மட்டும் போகாது. நாட்டுப்படகுக்காரரின் வலையும் காலியாகும். கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று 1983ஆம் ஆண்டின் தமிழகக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. அந்த விதியை உறுதியாக நடைமுறைப்படுத்தினாலே காப்பகத்தின் பாதி வேலை முடிந்துவிடும்.

சுற்றுலாவிலும் நிதானம் வேண்டும். ஆவுளியா கூச்சமுள்ள பிராணி. மூச்சுவிடச் சில நொடிகள் மூக்கை நீட்டிவிட்டு மூழ்கிவிடும். அதைக் காட்டுகிறோம் என்று விளம்பரம் செய்து வேகப்படகுகளை இறக்கினால், பயணிக்கு ஏமாற்றம் மிஞ்சும். ஆவுளியாவுக்கோ படகின் விசிறியில் உயிரே போகும்.

காட்டுவதற்கு வேறு எவ்வளவோ இருக்கிறது. மீமிசலை அடுத்த முத்துக்குடாவில் அலையாத்திக் காடு இருக்கிறது. வாய்க்கால்களுக்குள் படகில் மெல்லப் போனால், சேற்றிலிருந்து விரல் விரலாக நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்களைப் பார்க்கலாம். அதே வட்டாரத்தில் ஆவுடையார்கோவில். மரச்சட்டமும் ஆணியும் போலவே கல்லில் செதுக்கிய அங்குள்ள கோயிலின் கொடுங்கைக் கூரையைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். கோயிலைப் பார்த்தவர்கள் அலையாத்திக்கும் வந்து, கரையில் நண்டுக் குழம்போடு சாப்பிட்டு, ஓர் இரவு தங்கினால் அந்தப் பணம் கிராமத்திலேயே புழங்கும்.

அப்படிப் புழங்குமா என்பது படகு யாருடையது என்பதில் இருக்கிறது. வெளியூர் முதலாளி விடுதி கட்டி, படகுக் குத்தகையும் எடுத்துவிட்டால் மீனவருக்குக் கிடைப்பது கூலி மட்டும். கஜா புயலில் 2018இல் படகையும் வலையையும் இழந்து மீண்ட குடும்பங்கள் இவை. கடலுக்கான கட்டுப்பாட்டை அவர்கள் சுமக்க, வருமானம் வேறொருவருக்குப் போவது நியாயமில்லை.

இதற்குச் சட்டத்திலேயே வழி உண்டு. பாதுகாப்பகத்தின் மேலாண்மைக் குழுவில் அந்த எல்லைக்குள் வரும் ஒவ்வொரு ஊராட்சியின் பிரதிநிதிக்கும் இடம் தருகிறது வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம். புதுக்கோட்டைக் கரைக்கான சுற்றுலாத் திட்டம் அந்தக் குழுவின் முன் வைக்கப்பட வேண்டும். படகுச் சவாரி உரிமத்தை மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும், உணவகத்தையும் தங்குமிடத்தையும் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கும் முதலில் தர வேண்டும். நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு, வலையில் சிக்கிய ஆவுளியாவை விடுவிக்க வலையை அறுக்கும் மீனவருக்கு அன்றே இழப்பீடாகப் போக வேண்டும். பெரிய முதலீட்டாளர்களுடன் ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே மாவட்ட நிர்வாகம் இவற்றை விதிகளாக எழுதிவிட வேண்டும்.