பெட்டிக்குள் ஒரு பட்டறை

மேஜை மேல் வைக்கும் சிஎன்சி இயந்திரத்தை வாங்குபவர்கள் முதலில் கவலைப்படுவது சத்தத்துக்குத்தான். மாடி வீட்டுக்காரர் கதவைத் தட்டுவதற்குள் அதற்கு ஒரு பெட்டி செய்தாக வேண்டும்.

1952ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் செய்து காட்டிய முன்னோடி இயந்திரத்துக்கு, வால்வுகள் நிறைந்த பெரிய அலமாரியே மூளையாக இருந்தது. இன்று 3018 என்ற ரகம் 30க்கு 18 செ.மீ. பரப்பில் மரத்தையும் பிளாஸ்டிக்கையும் செதுக்குகிறது. படுக்கையறையில்கூட வைக்கலாம். சிக்கலும் அதுதான்.

முட்டை அட்டையை உள்ளே ஒட்டினால் சத்தம் அடங்கும் என்று பலர் நம்புகிறார்கள். அடங்காது. சத்தத்தைத் தடுப்பது கனம். 18 மி.மீ. பிளைவுட் நன்றாகவே தடுக்கும். ஆனால் கதவோரம் விரல் நுழையும் இடுக்கு இருந்தால் செலவு வீண். மேஜை வழியாக இறங்கும் அதிர்வுக்கு இயந்திரத்தின் அடியில் தடித்த ரப்பர் வைக்க வேண்டும்.

சத்தம் போகட்டும், எரிச்சலோடு முடிந்துவிடும். தூசி அப்படியல்ல. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995ல் வகைப்படுத்தியது. எம்டிஎஃப் பலகை என்றால் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு பிசினும் சேர்ந்துகொள்ளும். சர்க்யூட் போர்டை வெட்டினால் பறப்பது கண்ணாடியிழை. பெட்டி இதையெல்லாம் ஒழிப்பதில்லை, அடைத்துத்தான் வைக்கிறது. வேலை முடிந்த ஆவலில் சட்டென்று கதவைத் திறப்பவரின் முகத்தில் அத்தனையும் வந்து அப்பும். வாக்குவம் கிளீனர் குழாய்க்கு ஒரு துளை போட்டு, வெட்டி முடித்த பிறகும் சில நிமிடங்கள் ஓடவிட்டுத் திறப்பதே நல்லது. அதில் ஹெப்பா வடிகட்டி இல்லையென்றால் நுண்தூசி மறுபக்கமாக அறைக்கே திரும்பிவிடும்.

கட்டுப்பாட்டுப் பலகையைப் பெட்டிக்கு வெளியே பொருத்த வேண்டும். உள்ளே சூடும் தூளும் சேர்ந்து அதைக் கெடுக்கும். அவசரத்தில் நிறுத்தும் பொத்தானும் வெளியேதான், கைக்கு எட்டும் இடத்தில்.

வேடிக்கை பார்க்க ஜன்னல் வைக்காதவர் யார்? உடைந்த வெட்டுமுனை பறந்து வந்தால் அக்ரிலிக் விரிசல் விடலாம், பாலிகார்பனேட் தாங்கும். ஆனால் இதே இயந்திரத்தில் நீல லேசரைப் பொருத்திப் படம் பொறிப்பவர்களும் உண்டு. நிறமற்ற பாலிகார்பனேட் அந்த ஒளியை அப்படியே வெளியே விடும். கண் இமைப்பதற்குள் விழித்திரை பாதிக்கப்படலாம். அவர்கள் ஜன்னலுக்கு அந்த லேசரின் அலைநீளத்தைத் தடுப்பதாகச் சான்று பெற்ற தகட்டை வாங்க வேண்டும், அல்லது ஜன்னலே வைக்காமல் விட வேண்டும்.