மூடுவதற்கு மட்டும் லொறி வந்தது

போன தையில் எங்கள் லயத்தில் ஒரு வளைகாப்பு. முறை வந்ததும் சந்தனக் கிண்ணத்தை எடுத்தேன். அத்தை முறையில் ஒருத்தி என் மணிக்கட்டைப் பிடித்து, கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தாள். "நீ அங்கிட்டு இரு புள்ள, மத்தவங்க பூசட்டும்." குரலை உயர்த்தவில்லை, பாசமாகத்தான் சொன்னாள். விரலில் ஒட்டிய சந்தனத்தை எங்கே துடைப்பது என்று தெரியாமல், சேலைத் தலைப்புக்குள் கையை மறைத்துக்கொண்டு நின்றேன்.

கலியாணம் கட்டிப் பதினொரு வருடம், பிள்ளை இல்லை. முகத்துக்கு நேரே என்னை டீச்சர் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் எனக்கு வேறு பெயர். அந்தப் பெயரை எந்த ரிப்போர்ட்டைப் பார்த்து வைத்தீர்கள்?

கலஹாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரத் துரை லூல்கந்துரையில் தேயிலை போட்ட அதே மலைப்பக்கம். இந்த மலையில் பெண்ணின் வயிற்றைப் பற்றி எல்லாருக்கும் அக்கறை இருந்தது, அந்தப் பெண்ணைத் தவிர மற்ற எல்லாருக்கும்! 1980களில் பிள்ளை பெறாமலிருக்க ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. தோட்டத்தில் அதற்குப் பெயர் எல்ஆர்டி. கருக்குழாய்களைக் கட்டி வெட்டுவது. 1989இல் நான் பிறந்த கையோடு அம்மாவையும் இன்னும் சில பெண்களையும் தோட்டத்து லொறியில் ஏற்றிப் போனார்கள். அம்மா கைநாட்டு வைத்த கடதாசி சிங்களத்தில் இருந்தது. கையில் 500 ரூபாய் வைத்தார்கள். வேலைக்கு வந்ததாக அன்றைக்குப் பேரும் போட்டார்களாம். "அவங்க சொன்னாங்க, போனோம்" என்பதற்கு மேல் அம்மாவுக்கு இன்றும் சொல்லத் தெரியாது.

குடும்பக் கட்டுப்பாடு தப்பு என்று நான் சொல்லவில்லை. கேட்டுச் செய்திருக்கலாமே என்கிறேன். மூடுவதற்கு லொறி அனுப்பியவர்கள், பிள்ளையில்லாமல் தவிக்கிறவளுக்கு ஒரு பஸ் டிக்கெட்டாவது கொடுத்தார்களா?

நான் பஸ்ஸில்தான் போனேன். கலஹா பஸ் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குள்ளால்தான் ஓடும். நாட்டின் பேர்போன மருத்துவ பீடம் எங்கள் மலையடிவாரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே தெரிந்த விஷயம் இந்த மலை ஏறி வருவதற்குள் என் இளமை போய்விட்டது. இரத்தம் எடுத்தேன். ஸ்கேன் எடுத்தேன். கருப்பைக்குள் மருந்து செலுத்தி, குழாய் திறந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தார்கள். அடிவயிறு முறுக்கிப் பிழிந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். எல்லாம் நன்றாக இருந்தது. இனி என் புருஷனைக் கூட்டி வரச் சொன்னார்கள். வீட்டில் சொன்னேன். மாமியார், "ஆம்பளைக்கு என்னடி டெஸ்டு?" என்றார். என் புருஷன் தலையைக் குனிந்துகொண்டார். நான் மட்டும் கட்டுக்கலைப் பிள்ளையாரைச் சுற்றினேன், மாத்தளை முத்துமாரிக்கு விரதம் இருந்தேன், மரத்தில் தொட்டில் கட்டினேன்.

பத்தாவது வருடம்தான் அவர் வந்தார். இரண்டிலிருந்து ஏழு நாள் வரை சேராமல் இருந்து, ஒரு சின்னப் பிளாஸ்டிக் போத்தலில் விந்து கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். ஊசியும் இல்லை, வலியும் இல்லை. ஒரு மில்லிலீற்றரில் குறைந்தது 1 கோடியே 60 லட்சம் விந்தணு இருக்க வேண்டுமாம். அவருக்கு இருந்தது சில லட்சம். விதைப்பையில் நரம்பு புடைத்துச் சுருண்டிருந்தது. பாவம், அவர் மேலும் குற்றமில்லை. உடம்பில் வரும் குறை, சர்க்கரை போல, பிரஷர் போல. ஆனால் அந்தப் போத்தலை முதல் வருடமே அவர் கையில் கொடுக்க விடாமல் தடுத்தது எது? ஊர்வாயும் வீட்டு மானமும்தானே?

ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கருத் தங்கவில்லையென்றால் இருவரும் டாக்டரிடம் போக வேண்டும். பெண்ணுக்கு 35 கடந்திருந்தால் ஆறு மாதமே போதும். உலகத்தில் ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்தச் சிக்கல் வருகிறது என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் உண்டு. வழியும் இருக்கிறது. முட்டை சரியாக வெளிவராவிட்டால் குளிசை. நரம்புச் சுருளுக்குச் சிலருக்கு ஆபரேஷன்; புது விந்தணு விளைய இரண்டரை மாதம் பிடிக்கும். எண்ணிக்கை கொஞ்சம் குறைவென்றால் கழுவிப் பிரித்துக் கருப்பைக்குள் விடலாம். மிகவும் குறைவென்றால் ஒரேயொரு விந்தணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்தலாம். 1992 முதல் அப்படியும் பிள்ளை பிறக்கிறது.

ஆனால் அந்தக் கடைசி வழிக்குத் தனியார் ஆஸ்பத்திரியில் பல லட்சம் ரூபாய். 2024இல் தோட்டத்து நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனதற்கே எத்தனை போராட்டம்! மாதத்துக்கு ஒரு முட்டை. பத்து வருடத்தில் எனக்கு எத்தனை போயிற்று என்று கணக்குப் பாருங்கள். இப்போது 36. காசைக் கடன் வாங்கலாம். போன வருடங்களை எந்த வட்டிக்கடையில் மீட்பேன்?

1978இல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தாள். அவள் அம்மாவுக்குக் குழாய் இரண்டும் அடைப்பு. அடைத்த குழாயைத் தாண்டிப் பிள்ளை பெற உலகம் வழி கண்டு பதினொரு வருடம் கழித்துத்தான் என் அம்மாவின் நல்ல குழாயை வெட்டினார்கள்.

கேட்கிறேன்: ஆபரேஷனுக்கு ஆள் சேர்க்க லயம் லயமாக ஏறி வந்த கால்களுக்கு, இருவரும் டாக்டரிடம் போங்கள் என்று சொல்ல மட்டும் ஏன் மலை ஏற முடியவில்லை? தோட்டத்துக் கிளினிக்கில் புருஷன் பெண்சாதி இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து, தமிழில் பேச ஒரு ஆள் போடுங்கள். முதல் நாளே ஆணின் கையில் அந்தப் போத்தலைக் கொடுங்கள்.

வளைகாப்பு வீட்டிலிருந்து திரும்பிய அன்றிரவு அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு வெட்டிப் போட்டத ஒனக்காவது வச்சிருக்கலாமே, சாமி."

அம்மா, என்னுடையது நன்றாகத்தான் இருக்கிறது! இதை உனக்கே நான் இன்னும் எத்தனை தடவை சொல்வேன்?