கட்டை விரலுக்கு ஒரு துணை

கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடுவோரிடையே ஓயாத சச்சரவு ஒன்று உண்டு. மவுஸ் பிடிப்பவர் ஒரு கட்சி. கன்ட்ரோலர் பிடிப்பவர் மறு கட்சி.

மவுசை நகர்த்துவது முழுக் கை. குறி சட்டென்று எதிரி மேல் போய் நிற்கும். கன்ட்ரோலரிலோ சிறு குமிழைக் கட்டை விரல் மட்டுமே அசைக்கிறது. குறி தடுமாறும்.

இதற்காக விளையாட்டைச் செய்பவர்கள் ஒரு துணை வைத்தார்கள். குறி எதிரியை நெருங்கியதும் அதன் வேகம் குறையும், சற்று ஒட்டிக்கொள்ளும். 2001-ல் 'எக்ஸ்பாக்ஸ்' கருவிக்கு வந்த 'ஹேலோ' விளையாட்டிலும் இந்தத் துணை இருந்தது.

"இயந்திரம் குறி பார்த்துக் கொடுப்பது நியாயமா?" என்று மவுஸ்காரர்கள் கேட்கிறார்கள். கேள்வி சரியே. இரு சாராரும் ஒரே களத்தில் மோதுகிறார்கள். அங்கே துணை அளவு மீறினால் அது அநீதி. அளவோடு வைப்பது விளையாட்டைச் செய்பவர்களின் கடமை.

ஆனால், கன்ட்ரோலரையே கேலி செய்வது தவறு. விரல் மடங்காதவர்களும் ஒரு கை இழந்தவர்களும் மவுசையும் கீபோர்டையும் சேர்த்து இயக்குவது எளிதா? அத்தகையோருக்காக 2018-ல் மைக்ரோசாப்ட் நிறுவனம் தனிக் கன்ட்ரோலர் ஒன்றை வெளியிட்டது. அதில் இரண்டு பெரிய பொத்தான்கள். வேறு சுவிட்சுகளை இணைக்க 19 துளைகள். காலாலும் அழுத்தலாம், முழங்கையாலும் அழுத்தலாம். கம்ப்யூட்டரிலும் அது வேலை செய்யும்.

துணையை அளந்து கொடுக்கட்டும். ஆடும் கையை யாரும் இகழ வேண்டாம்!